ஆற்றங்கரையில் ஒரு நாள்

மாதச் சம்பளத்தைக் கொண்டு காலம் தள்ளுகிற ஒரு குடும்பம், வருஷத்தில் இரண்டொரு நாளாவது அடுப்படியையும் அலுவலகத்தையும் பள்ளிக்கூடப் பையையும் மறந்துவிட்டு, ஓடுகிற நீரையும் அதன்மீது தவழ்ந்து வருகிற காற்றையும் அனுபவித்து வரவேண்டும் என்று ஆசைப்படுவதை யாரும் ஆடம்பரம் என்று சொல்லக் கூடாது. உடம்புக்கு உறக்கம் எவ்வளவு அத்தியாவசியமோ, மனத்துக்கு இத்தகைய நாளும் அவ்வளவு அத்தியாவசியம். ஆயினும், அந்த நாளை எங்கே, எப்போது, எவ்விதம் கழிப்பது என்று தீர்மானிப்பதில் நம்மவர்கள் போதிய சிரத்தை காட்டுவதில்லை என்பதே என் அபிப்பிராயம். பணத்தையும் செலவழித்து, ஆயாசத்தையும் சம்பாதித்துக்கொண்டு, நடுநிசியில் வீடு திரும்பி, மறுநாள் வேலைக்குப் போகமாட்டாமல் படுத்துக் கிடப்பதற்கு உல்லாசப் பிரயாணம் என்று பெயர் வைப்பது தகாது.

இந்தத் தவற்றுக்கு மூலகாரணம் ஒன்றுதான். இடத்தின் கீர்த்தியைக் கேட்டுப் புறப்படுகிற நாம், அதன் தூரத்தையும், நம்மோடு வருகிறவர்களின் தேக நிலையையும் எண்ணிப் பார்ப்பதில்லை. திருச்சிராப்பள்ளியில் வசிக்கும் ஒருவர், குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில் வேன் பேசுகிறார். ஒகேனக்கல்லில் நீர் வந்துவிட்டது என்றால் பரிசலில் போகாமல் தீராது என்கிறார். இரண்டும் அவருடைய ஊரிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளவை. விடிவதற்கு வெகு முன்பே குழந்தைகளை அரைத்தூக்கத்தில் எழுப்பி வண்டியில் ஏற்றி, பகலில் பாதியைச் சாலையிலேயே கழித்து, அருவிக்கரையில் ஜனத்திரளுக்கு நடுவே ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, மறுபடியும் அதே சாலையில் திரும்பி வருவதற்கு வண்டி வாடகையும் ஓட்டல் சாப்பாடும் சேர்த்து மாத வருமானத்தில் கணிசமான பகுதி போய்விடுகிறது. ஒகேனக்கல்லில் பாறைகளுக்கிடையே குதித்து வருகிற அந்தக் காவிரிதான், மேட்டூரில் தங்கி, பவானியையும் நொய்யலையும் அமராவதியையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு, அவருடைய வாசலுக்கு நகரப் பேருந்து போகிற தூரத்தில் அகண்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவர் நினைவுக்கு வருவதேயில்லை. தென்காசிக்காரருக்குக் குற்றாலமும், தருமபுரிக்காரருக்கு ஒகேனக்கல்லும் எப்படியோ, அப்படியே திருச்சிக்காரருக்கு முக்கொம்பும் கல்லணையும் வாய்த்திருக்கின்றன.

ஒரு நாள் பிரயாணத்துக்கு இடம் தேர்ந்தெடுப்பதற்கு நான் சொல்லக்கூடிய விதி மிகவும் சுலபமானது. குடும்பத்தில் நடப்பதற்கு மிகவும் சிரமப்படுகிறவர் யாரோ, அவரையே அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும். முழங்கால் வலிக்கிற பாட்டியோ, இடுப்பை விட்டு இறங்காத கைக்குழந்தையோ, மருந்து வேளை தவறக்கூடாத தகப்பனாரோ சௌகரியமாகப் போய், நிழலில் உட்கார்ந்து, வேளைக்குச் சாப்பிட்டு, கால் கழுவ நீர் கண்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு வந்து சேரமுடியும் என்றால், அந்த இடம் எல்லோருக்கும் ஏற்ற இடம். வாலிபர்களின் காலை அளவாக வைத்துப் போடுகிற திட்டத்தில் மற்றவர்களெல்லாம் சுமையாகிவிடுகிறார்கள். மலைக்கோட்டையின் 400-க்கும் மேற்பட்ட படிகளையும், ஸ்ரீரங்கத்தின் ஏழு பிராகாரங்களையும், திருவானைக்காவலையும், கல்லணையையும், முக்கொம்பையும் ஒரே நாளில் பார்த்து முடித்துவிடவேண்டும் என்று கிளம்புகிற குடும்பங்களில், மாலைக்குள் யாராவது ஒருவர் அழுவதும் யாராவது ஒருவர் கோபிப்பதும் நிச்சயம். ஒரு நாளுக்கு ஓரிடம் போதும். ஓரிடம் என்று தீர்மானித்துவிட்டால் செலவு தானே குறைந்துவிடுகிறது. சௌகரியம் தானே கூடிவிடுகிறது. சிக்கனமும் சுகமும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணுவது வீண் பிரமை.

திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் உள்ளது முக்கொம்பு. காவிரி அங்கே இரண்டாகப் பிரிந்து, வடக்கே கொள்ளிடமாகவும் தெற்கே காவிரியாகவும் ஓடி, இடையில் ஸ்ரீரங்கத்தைத் தீவாக ஆக்குகிறது. கொள்ளிடத்தின் வழியே நீர் வீணாக ஓடி, தஞ்சை வயல்கள் காய்ந்துபோவதைத் தடுப்பதற்காக, 1836-ஆம் ஆண்டு தொடங்கி ஆர்தர் காட்டன் என்ற பொறியாளர் இங்கே மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்டில் வெள்ளத்தின் வேகத்தில் கொள்ளிடம் பகுதியில் ஒன்பது மதகுகள் இடிந்து போக, அதன்பின் புதிய கதவணை எழுந்தது. ஓங்கி வளர்ந்த மரங்களின் நிழலும், பூங்காவும், குழந்தைகள் விளையாடுவதற்கு வேண்டிய சாதனங்களும், ஆற்று மீனை மசாலா தடவிப் பொரித்துக் கொடுக்கிற கடைகளும் இருப்பதால், வயோதிகரும் சிறுவரும் சேர்ந்து போகிற குடும்பத்துக்கு முக்கொம்பு மிகவும் உகந்த ஸ்தலம்.

நகரின் கிழக்கே ஏறத்தாழ அதே அளவு தூரத்தில் இருக்கிறது கல்லணை. நிழல் இங்கே சற்றுக் குறைவுதான்; ஆனால் காண்பதற்கும், கண்டதைக் குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்வதற்கும் இதைவிடச் சிரேஷ்டமான இடம் காவிரிக் கரையில் இல்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் பழைய அணை சுமார் 1,080 அடி நீளமுள்ளது. நேர்கோடாக இராமல் பாம்பைப்போல நெளிந்து கிடப்பது. ஆற்று மணலில் பெரும்பாறைகளைப் போட, நீர் அரிக்க அரிக்க அவை கீழே இறங்க, அவற்றின்மேல் மீண்டும் பாறைகளைப் போட்டு, இனி இறங்காது என்று நிலைத்தபின் களிமண் சேர்த்து மேற்கட்டை எழுப்பினார்கள் அந்தக் காலத்து மக்கள். ஆழம் காணமுடியாத மணலில் அஸ்திவாரம் போடும் உபாயத்தைக் காட்டன் இந்த அணையிடமிருந்தே கற்றுக்கொண்டு, பிற்காலத்தில் கோதாவரியின் குறுக்கே தவளேசுவரத்தில் கையாண்டார். காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்ற கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நீர் பங்கிடப்படுவதைப் பாலத்தின்மேல் நின்று கண்ணாலே பார்க்கிற பிள்ளை, தான் தினமும் உண்கிற சோறு எங்கிருந்து புறப்படுகிறது என்பதை ஒரு பாட புஸ்தகத்தின் உதவியும் இல்லாமல் அறிந்துகொள்கிறது.

இடத்தைப்போலவே காலத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளி விடுமுறை சித்திரையிலும் வைகாசியிலும் வருகிறது என்பதற்காக அப்போது காவிரிக்குப் போனால், கொதிக்கிற மணல்தான் காலைச் சுடும். 1934-இல் மேட்டூர் அணை வந்தபின், பாசனத்துக்காக ஜூன் 12-ஆம் தேதி நீர் திறப்பதும், ஜனவரி 28-ஆம் தேதி மூடுவதும் வழக்கமாகிவிட்டது. அணையில் போதிய நீர் இல்லாத வருஷங்களில் திறப்பு தள்ளிப்போவதும் உண்டு. திறந்த நீர் மூன்று நான்கு நாட்களில் கல்லணையை அடைகிறது. ஆகையால் ஆனி முதல் தை வரையில் உள்ள காலமே ஆற்றங்கரைக்கு உரிய காலம். அதிலும் ஆடிப்பெருக்கும் காணும் பொங்கலும் ஊரே திரண்டு வருகிற நாட்கள்; அந்தக் குதூகலத்தை விரும்புகிறவர்கள் அன்று போகலாம், அமைதியை விரும்புகிறவர்கள் வேறொரு நாள் போகலாம். எந்த நாளானாலும், புறப்படுவதற்கு முன் அன்றைய பத்திரிகையில் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தையும் வெளியேறுகிற நீரின் கன அடிக் கணக்கையும் பார்த்துவிடுவது நல்லது. அணை 120 அடியை எட்டி, உபரி நீர் திறக்கப்படுகிறது என்றால், பிரயாணத்தை அடுத்த வாரத்துக்கு ஒத்திப்போடுவதே விவேகம்.

போக்குவரத்துக்கு வேனும் காரும் வேண்டியதில்லை. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு இடங்களுக்கும் நகரப் பேருந்துகள் போகின்றன. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் 2021 முதல் கட்டணமின்றிப் பிரயாணம் செய்கிறார்கள். காலை எட்டு மணிக்குள் ஏறிவிட்டால் உட்கார இடம் கிடைக்கும். வெயில் ஏறுமுன் நிழலில் ஜமக்காளம் விரித்துவிடலாம். சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுபோவதில் செலவும் குறைவு, வயிற்றுக்கும் அபாயமில்லை. புளியோதரை எளிதில் கெடாது. தயிர்சாதம் புளித்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள், சோற்றைக் குழைய வடித்து, ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக ஊற்றிப் பிசைந்து, ஒரே ஒரு கரண்டித் தயிர் மட்டும் கலந்து தூக்கில் எடுத்துப்போனால், மதியம் இலை போடுகிற வேளையில் அது பதமாக உறைந்திருக்கும்; தொட்டுக்கொள்ள மாவடுவோ நார்த்தங்காயோ இருந்தால் போதும். ஆடிப்பெருக்கன்று சித்திரான்னங்கள் கட்டிக்கொண்டு அருகிலுள்ள ஆற்றங்கரைக்குப் போய், காவிரித் தாயை வழிபட்டு, அங்கேயே உண்டு, இருட்டுமுன் வீடு திரும்பிய நம் பாட்டிமார்கள் இந்த சூத்திரம் முழுவதையும் அறிந்திருந்தார்கள். அவர்கள் கண்ட வழியை ஒரு பண்டிகையோடு நிறுத்திவிடாமல் நாம் மற்ற நாட்களுக்கும் விஸ்தரித்தால் போதும்.

நீரைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்லவேண்டும். காவிரியின் மேற்பரப்பு சாந்தமாகத் தோன்றும். அடியில் சுழல் இருப்பதும், மணல் அள்ளிய பள்ளங்கள் மறைந்திருப்பதும் கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. மதகுகளுக்கு அருகிலும் அவற்றின் கீழ்ப்புறத்திலும் இறங்குவது எந்நாளும் ஆபத்து. மேலே கதவு திறக்கப்பட்டால் சற்று நேரத்தில் நீர் ஏறிவிடும். கொள்ளிடத்தில் நீச்சல் தெரிந்த வாலிபர்களே மாண்டுபோகிற செய்திகளை வருஷந்தோறும் படிக்கிறோம். குளிக்க விரும்புகிறவர்கள் ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபத்தைப்போலப் படித்துறை உள்ள இடங்களில், கடைசிப் படியைத் தாண்டாமல் குளிக்கவேண்டும். மற்ற இடங்களில் குழந்தையின் கையை விடாமல், பெரியவர் ஒருவர் ஆற்றை நோக்கி நின்றபடி, கணுக்கால் நனைத்துத் திரும்புவதே போதுமான ஆனந்தம்.

இத்தனையும் நாம் செய்யவேண்டியவை. அரசாங்கமும் ஸ்தல ஸ்தாபனங்களும் செய்யவேண்டியவையும் உண்டு. ஆற்றங்கரையை அழகுபடுத்துவது என்றால் வண்ண விளக்கும், சிலையும், செயற்கை நீரூற்றும் வைப்பது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆறு தன்னளவிலேயே அழகானது. அதற்கு அலங்காரம் செய்வதைவிட, அதைப் பார்க்க வருகிற மனிதருக்கு வசதி செய்வது முக்கியம். நீர் வசதியுள்ள சுத்தமான கழிப்பறை, பெண்கள் ஈரப்புடவை மாற்றிக்கொள்ள ஒரு மறைவிடம், முதியோர் பிடித்து இறங்குவதற்குப் படித்துறையில் ஓர் இரும்புக் கம்பி, குடிநீர்க் குழாய், நிழல், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று நிறுத்தத்தில் எழுதி வைத்த ஒரு பலகை, பண்டிகை நாட்களில் நீச்சல் தெரிந்த இரண்டு காவலர்கள் ஆகிய இவை எந்தச் சிலைக்கும் ஆகிற செலவில் ஒரு பகுதிக்குள் அடங்கிவிடும். கழிப்பறை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற தாய்மார்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு அந்த நாள் விடுமுறையாக இருப்பதில்லை, விரதமாக முடிகிறது. இலவசமாக வைத்தால் பராமரிக்க இயலாது என்று சொல்கிறவர்களின் வாதத்தை நான் முற்றிலும் மறுக்கவில்லை. சிறு கட்டணம் வாங்கட்டும். ஆனால் வாங்கிய கட்டணம் அந்த இடத்தின் துப்புரவுக்கே திரும்பி வரவேண்டும், அதைச் செய்கிற தொழிலாளிக்கு உரிய கூலியும் வேளாவேளைக்குக் கிடைக்கவேண்டும்.

வருகிறவர்களின் கடமையும் சிறிதன்று. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றை நம் மாநிலம் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடைசெய்திருந்தும், விடுமுறைக்கு மறுநாள் ஆற்றங்கரையில் ஷாம்பு உறைகளும், தண்ணீர்ப் புட்டிகளும், உடைந்த மதுப் புட்டிகளின் கண்ணாடிச் சில்லுகளும் சிதறிக் கிடக்கின்றன. அந்தச் சில்லு அடுத்த நாள் வருகிற ஒரு குழந்தையின் பாதத்தில் ஏறும். வாழையிலையில் உண்டு, தூக்கிலும் செம்பிலும் கொண்டுபோய், கொண்டுபோனதையெல்லாம் திரும்பக் கொண்டுவருவது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை.

ஆகவே, அடுத்த விடுமுறைக்குத் திட்டம் போடுகிற வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். ஒரு பேருந்தில் போய் வரக்கூடிய தூரத்தில் எந்த ஆறு ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். திருச்சிக்குக் காவிரியைப்போல ஒவ்வோர் ஊருக்கும் ஏதோ ஓர் ஆறோ வாய்க்காலோ ஏரியோ இருக்கத்தான் செய்யும். அதில் ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, வீட்டில் நடக்க மிகவும் சிரமப்படுகிறவர் யாரோ, அவரைக் கேட்டு நாள் குறியுங்கள். அவர் சரி என்று சொன்னால் கட்டுச்சோறு கட்டுங்கள்.