மார்பைப் பார்க்கிறோம், காலைப் பார்ப்பதில்லை

பைபாஸ் அறுவைச் சிகிச்சை என்றதும் இதயநோய் நிபுணரின் பெயரைக் கேட்கிறோம். எத்தனை அடைப்புகள் என்று கேட்கிறோம். காலிலிருந்து சிரையை எடுப்பவர் யார், எப்படி எடுக்கிறார் என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

1967இல் கிளீவ்லண்டில் ரெனே ஃபவலோரோ இச்சிகிச்சையை நிலைநிறுத்திய காலந்தொட்டு, காலின் சஃபீனஸ் சிரையே பெரும்பாலும் மாற்றுவழியாகப் பொருத்தப்படுகிறது. பத்தாண்டுகளில் அவற்றுள் ஏறக்குறையப் பாதி அடைபடுகின்றன அல்லது குறுகிவிடுகின்றன. எடுக்கும் முறையும் இதற்கு ஒரு காரணம். வழக்கமான முறையில், சுற்றியுள்ள கொழுப்பை நீக்கி, சுருங்கிய சிரையைத் திரவ அழுத்தத்தால் விரிக்கிறார்கள். அப்போது, நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து இரத்த உறைவைத் தடுக்கும் உட்படலம் சிதைகிறது.

சுவீடனின் ஓரேப்ரூ நகரில் டொமிங்கோஸ் சோசா 1990களில் சிரையைக் கொழுப்போடு சேர்த்து, அழுத்தி விரிக்காமல் எடுத்தார். 2021இல் வெளியான சீன ஆய்வில் 2,655 நோயாளிகள் இடம்பெற்றனர். மூன்றாம் மாதத்தில் சிரை அடைப்பு வழக்கமான முறையில் 4.8 விழுக்காடு, இம்முறையில் 2.8 விழுக்காடு. ஆயினும் காற்புண் தொல்லை இதில் மிகுதி.

சிறு துளை வழியே எடுக்கும் எண்டோஸ்கோபி முறையில் புண் தொல்லை குறைவு. ஆனால் அவ்வாறு எடுத்த சிரைகள் கூடுதலாக அடைபடுவதாக 2009இல் ஓர் ஆய்வு எச்சரித்தது. 2019இல் வெளியான ரீகுரூப் ஆய்வோ, 1,150 நோயாளிகளிடையே பெரிய இதயப் பாதிப்புகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. அதில் சிரை எடுத்தவர்கள் அனைவரும் நூற்றுக்கு மேற்பட்ட முறை இதனைச் செய்து தேர்ந்தவர்கள் என்பதை மறக்கலாகாது. கருவியைவிடக் கையின் பயிற்சியே பெரிது என்பதுதான் நான் இதிலிருந்து கொள்ளும் பொருள்.

நம் நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயாளிகள். அவர்களுக்குக் காற்புண் சிறு தொல்லையன்று. அடைபடும் சிரையும் அவ்வாறே. எனவே எல்லோர்க்கும் ஒரே முறை சிறந்தது என்று சொல்ல இயலாது. நோயாளியின் கால், வயது, சர்க்கரை அளவு ஆகியவற்றை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு முதற்படி பதிவு. எம்முறையில், எத்தகைய அனுபவமுடையவர் சிரையை எடுத்தார், புண் எப்படி ஆறியது என்பன ஒவ்வொரு டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இடம்பெற வேண்டும். இளநிலை மருத்துவரின் தொடக்கப் பயிற்சியாக மட்டும் இப்பணி கருதப்படும் வரை, இதயத்தில் எத்துணை நேர்த்தியாகத் தைத்தாலும், தைக்கப்படும் சிரை முன்னரே காயப்பட்டதாக இருக்கக்கூடும்.