அரைக் கட்டை இறக்கினால் என்ன குறைந்துவிடும்?

மல்லாங்கிணறு, திருச்சுழி பக்கம் கிடார் பழகுகிற பசங்களுக்குப் பெரும்பாலும் யூடியூப்தான் வாத்தியார். செல்போனில் ட்யூனர் ஆப், பச்சை விளக்கு எரியும்வரை முறுக்கு, முடிந்தது. அந்தச் சுருதியில்தான் பாடியாக வேண்டும் என்று நினைத்து, சரணத்தில் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். குரல் உடைகிற வயது என்றால் கேட்கவே வேண்டாம். "உனக்குப் பாட்டு வராதுடா" என்று பக்கத்தில் ஒருத்தர் சொல்லிவிடுவார். பையன் அதோடு நிறுத்திவிடுவான்.

குரலை விடுங்க தம்பி, கிடாரை இறக்குங்க.

நம்ம ஊருக்கு இது புதுசே இல்லை. ஒரு காலத்தில் நாதஸ்வரம் என்றால் திமிரிதான்; குட்டையாக இருக்கும், சுருதி உச்சத்தில் நிற்கும். டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) நீளமான, சுருதி இறங்கிய பாரி நாயனத்தைக் கையில் எடுத்தார். செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. இன்று கச்சேரிகளில் நாம் கேட்பது பெரும்பாலும் அந்த பாரிதான். வயலினும் அப்படித்தான். மேற்கே அதன் நான்கு தந்திகளும் ஜி, டி, ஏ, இ. நம் வித்வான்கள் ச-ப-ச-ப என்று மாற்றி, பாடுகிறவரின் கட்டைக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். வயலினுக்காகப் பாடகர் தொண்டையை மாற்றுவதில்லை!

கிடாரில் தடித்த தந்தியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ. ஆறையும் அரைக் கட்டை, அதாவது கீபோர்டில் ஒரு கட்டை கீழே, இறக்குங்கள். ட்யூனர் ஆப்பில் 'ஹாஃப் ஸ்டெப் டவுன்' என்று இருந்தால் அதைத் தொட்டால் போதும். ஒரு சின்ன விஷயம்: கொஞ்சம் அதிகமாகத் தளர்த்திவிட்டு, கீழிருந்து முறுக்கி ஏறி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி அப்படியே விட்டால், நாலு ஸ்ட்ரோக்கில் நழுவிவிடும்.

கார்டு பிடிக்கிற விரல்கள் மாறாது. ஜி பிடித்தால் ஜி ஃப்ளாட் கேட்கும், அவ்வளவுதான். தந்தியின் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும், அதனால் விரல் நுனிக்கும் சுகம். இரண்டு அரைக் கட்டை இறக்கினால் 21 சதவீதம் வரை குறையும். மெல்லிய தந்தி ஃப்ரெட்டில் பட்டு 'ஜ்ர்ர்' என்று இரையலாம். அதற்கு மேல் போக ஆசையென்றால் தடித்த தந்தி செட் வாங்கிக்கொள்ளுங்கள். கேபோ இதற்கு உதவாது, அது சுருதியை ஏற்ற மட்டும்தான். தங்கச்சி பாட வந்தால் எடுத்து மாட்டுங்கள்.

நம்ம கரிசல் வெயில் வேறு இருக்கிறது. வெயிலில் கிடந்த கிடாரின் கம்பி சூட்டில் நீண்டு, சொல்லாமலே சுருதி இறங்கியிருக்கும். நிழலில் ஆறவிட்டுப் பிறகு சேருங்கள்.

மேடை ஏறும் முன் கீபோர்டுக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் ட்ரான்ஸ்போஸில் மைனஸ் ஒன்று வைத்துக்கொள்வார். புல்லாங்குழல்காரர் இருந்தால் முந்தின நாளே சொல்லுங்கள். அவர் வேறு குழல் எடுத்துவர வேண்டியிருக்கும்.