கஞ்சி வரிசையில் நின்றவர்களின் கணக்கு

2008 செப்டெம்பர் நடுப்பகுதியில் கிளிநொச்சியில் இருந்த ஐ.நா. அலுவலகத்தின் வாசலில் சனம் திரண்டு நின்றது. அவர்கள் அன்று அரிசியோ பருப்போ கேட்கவில்லை. போகாதீர்கள் என்று மட்டுமே கேட்டார்கள். போர் நெருங்கிக்கொண்டிருந்தது; பாதுகாப்புக்கு உத்தரவாதம் தரமுடியாது, வெளியேறுங்கள் என்று இலங்கை அரசாங்கம் சொல்லிவிட்டது. 16ஆம் திகதி வெள்ளை வாகனங்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டன. சர்வதேச அமைப்புகளில் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் கரித்தாசுக்கும் மட்டுமே வன்னியில் நிற்க இடம் கிடைத்தது. பங்குத்தந்தைமாருக்கும் கன்னியர்களுக்கும் இருப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. அது அவர்களுடைய ஊர்.

ஐ.நா. வெளியேறியது பிழை. 2012 நவம்பரில் அந்த நிறுவனத்தின் உள்ளக ஆய்வறிக்கையே தன் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டதால், இதைச் சொல்வதற்குப் பெரிய துணிவு தேவையில்லை. ஆனால் மறுபக்கத்தை இன்னும் உரத்துச் சொல்லவேண்டும்: தங்கி நின்றவர்கள் செய்ததே சரி. அதற்கு அவர்கள் கொடுத்த விலையை நம் சமூகமும் சரி, அவர்களுடைய சொந்தத் திருச்சபையும் சரி, இதுவரை முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

தங்கி நிற்பது என்றால் ஓரிடத்தில் நிற்பதல்ல. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், வலைஞர்மடம் என்று சனம் நகர நகரப் பாதர்மாரும் சிஸ்டர்மாரும் கூடவே நகர்ந்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் தறப்பாளைக் கட்டி, குழி வெட்டி, இரண்டு கிழமையில் அதையும் விட்டுப் போனார்கள். கடற்கரை மணலில் வெட்டிய பதுங்கு குழி சரிந்து விழும். அதைத் தாங்க மண்மூட்டை வேண்டும், மூட்டைக்குச் சாக்கு இல்லை. பெண்கள் தங்கள் சேலைகளை வெட்டித் தைத்து மணலை நிரப்பினார்கள். கூறைச் சேலையும் அப்படிப் போனது. போரின் கடைசி வாரங்களில் அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டுமே சேர்ந்த கஞ்சிக்குச் சிறுவர்கள் வரிசையில் நின்றார்கள். கஞ்சி காய்ச்சியவர்களில் தமிழர் புனர்வாழ்வுக் கழகத் தொண்டர்கள் முன்னின்றார்கள் என்பதை மறைத்துத் திருச்சபைக்கு மாலை போடுவது நம் நோக்கமல்ல.

நிவாரணத்தில் முதல் வேலை உணவு கொடுப்பதல்ல, ஆட்களை எண்ணுவது. எத்தனை குடும்பம், எத்தனை குழந்தை என்று தெரிந்தால்தான் எத்தனை மூட்டை என்று சொல்லலாம். 2009 தொடக்கத்தில் வன்னிக்குள் இருப்பது ஏறத்தாழ 70,000 பேர் என்று அரசாங்கம் சொன்னது. சிறிய எண்ணைச் சொன்னால் சிறிய கப்பல் போதும். பசி அந்த எண்ணிலிருந்தே தொடங்கியது. இது கணக்குத் தவறல்ல, குற்றம்.

அந்தக் குற்றத்தைக் கழித்தல் கணக்கொன்றால் அம்பலப்படுத்தியவர் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு. 2011 ஜனவரியில் அவர் அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்தது ஆவேசப் பேச்சல்ல. கச்சேரிப் பதிவின்படி 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தோர் 429,059. அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380. மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது? இந்தக் கேள்விக்காக அவர் புலனாய்வுத் துறையினரின் விசாரணைக்கும் வசைக்கும் ஆளானார். 2021 ஏப்ரல் முதலாம் திகதி அவர் கண்மூடும்வரை பதில் வரவில்லை. நிவாரணப் பணியின் உச்சம் இதுதான் என்பது எமது கருத்து. சோறு கொடுத்தவனுக்கு, சாப்பிட வந்த ஆள் மறுநாள் ஏன் வரவில்லை என்று கேட்கும் கடமையும் உரிமையும் உண்டு.

அந்த உரிமைக்குக் கொடுத்த விலை சிறிதல்ல. 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டி தேவாலயத்தில் தஞ்சமடைந்த சனத்தின்மேல் ஷெல் விழுந்தபோது காயப்பட்டவர்களைக் காப்பாற்ற ஓடிய பங்குத்தந்தை ஜிம் பிரவுண், ஒரு வாரத்துக்குள், 20ஆம் திகதி, காணாமலாக்கப்பட்டார். இயேசு சபை அகதிகள் பணியின் மன்னார் இணைப்பாளர் பாக்கியரஞ்சித் அடிகளார் 2007 செப்டெம்பர் 26 அன்று, வன்னிக்குள் நிவாரணப் பொருள் கொண்டு போன வழியில் கிளைமோர் தாக்குதலில் கொல்லப்பட்டார். சரத்ஜீவன் அடிகளார் கடைசி நாள்வரை சனத்தோடு பதுங்கு குழியில் கிடந்து, 2009 மே 18 அன்று வெளியே வந்ததும் மாரடைப்பால் இறந்தார். அவருக்கு வயது 41.

ஒரு தரப்பை மட்டும் கூண்டில் ஏற்றுவது நேர்மையாகாது. வலைஞர்மடம் தேவாலயத்துக்குள் ஒளிந்திருந்த இளம் பிள்ளைகள் ஷெல்லுக்கு மட்டும் பயந்து வந்தவர்களல்ல. நூற்றுக்கணக்கானோரை அங்கிருந்து விடுதலைப் புலிகள் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2011இல் ஐ.நா. நிபுணர் குழு இதைப் பதிவு செய்திருக்கிறது. கோவிலுக்குள் தஞ்சம் புகுந்த பிள்ளையைத் தாயின் கையிலிருந்து பிடுங்கியவர்களுக்கு எந்த இலட்சியமும் மறைப்பாகாது. அதே தேவாலயத்தின்மீது ஏப்ரலில் ஷெல்லும் விழுந்தது. தங்கி நின்ற குருக்கள் இரண்டு பக்கத்தின் கோபத்துக்கும் நடுவில் நின்றார்கள்.

அங்கே தஞ்சம் புகுந்தவர்களிலும் வன்னியிலும் பெரும்பான்மையானோர் சைவர்கள். உதவி என்ற பெயரில் மதம் பரப்புகிறார்கள் என்ற பழி இந்த நாட்டில் சுனாமிக் காலத்திலிருந்து கேட்கிறது. சுவிசேஷப் பிரசுரத்தை அரிசிப் பையோடு நீட்டுபவர் எவராயினும் செய்வது அசிங்கம். அது பசித்தவனின் இல்லாமையைத் தன் சபைக்கு ஆள் சேர்க்கும் கருவியாக்குவது. ஆனால் அந்தப் பழியை வலைஞர்மடத்து மணலில் நின்றவர்கள்மேல் சுமத்துவது அதைவிட அசிங்கம்.

கடைசியாக, திருச்சபைத் தலைமைக்கு. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் நீதி கேட்ட கொழும்புத் திருச்சபையின் குரல் ஜெனிவா மனித உரிமைப் பேரவைவரை போனது. போகத்தான் வேண்டும், அது நியாயமான குரல். வன்னியில் இறந்தவர்களுக்கும் காணாமற்போன தன் குருக்களுக்கும் அதே குரல் அதே வலுவோடு ஒலிக்கவில்லை. வடக்கின் ஆயர்களும் குருக்களும் தனியே பேசவேண்டி வந்தது. ஒரே திருப்பலிப் பீடத்தைச் சுற்றி நிற்பவர்களுக்குள் இரண்டு விதமான துக்கம் இருப்பதைத் திருச்சபை தன் பாவக் கணக்கில் எழுதிக்கொள்ளவேண்டும். அகதிமுகாமுக்குப் பால்மா அனுப்பியது அதற்கு ஈடாகாது.

2009 மே 18. வட்டுவாகல் பாலத்தருகே நூற்றுக்கணக்கானோர் படையினரிடம் சரணடைந்தார்கள். அவர்களோடு நின்றவர் பிரான்சிஸ் யோசேப்பு அடிகளார், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர். எட்டு நாட்களுக்கு முன்தான், அங்கே நடப்பதைச் சொல்லித் திருத்தந்தைக்குக் கடிதம் எழுதியிருந்தார். சரணடைபவர்களின் பெயர்களை அவர் ஆங்கிலத்தில் பட்டியலாக எழுதினார் என்றும், பிறகு எல்லோரையும் பஸ்களில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றும் நேரில் கண்ட உறவினர்கள் சொல்கிறார்கள். கணவர்மாரைத் தேடும் பெண்கள் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். தாய்மார் 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்றலில் படங்களோடு உட்கார்ந்தார்கள். பலர் பதில் கேட்டபடியே இறந்தும் போனார்கள். பெயர்களை எழுதியவரும் இல்லை, எழுதிய தாளும் இல்லை. அந்தத் தாளை யார் வாங்கினார்கள் என்று பாலத்தடியில் நின்ற படையணிக்குத் தெரியும்.