கன்னத்துக்கு ஊசி! கண்ணுக்கு ஆபத்து!

கன்னம் ஒட்டிவிட்டதா? ஊசி போட்டால் உப்பிவிடும்!

கத்தி வேண்டாம். தையல் வேண்டாம். ஆஸ்பத்திரியில் படுக்கவும் வேண்டாம். சற்று நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம்.

இங்கிலாந்தில் இந்த ஊசித் தொழில் இப்படித்தான் பரவியது. முடி வெட்டும் இடத்திலும், நகத்துக்குச் சாயம் பூசும் இடத்திலும் ஊசி போட்டார்கள். டாக்டர்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமலே தொழில் வளர்ந்தது.

ஆபத்தும் கூடவே வளர்ந்தது.

கன்னம் ஏன் ஒட்டுகிறது?

இளமையில் முகத் தோலுக்கு அடியில் கொழுப்பு மெத்தை போல் இருக்கிறது. வயது ஏற ஏற அது வற்றுகிறது. முக எலும்பும் தேய்கிறது. கால் தளர்ந்த பந்தல் போலத் தோல் தொய்கிறது. திடீரென்று உடல் மெலிந்தவர்களுக்கும் கன்னம் ஒட்டிப்போகும்.

அந்தக் குழியை நிரப்புவதுதான் ஊசியின் வேலை.

மெழுகு கற்பித்த பாடம்

1899-ல் வியன்னா நகரத்து டாக்டர் ராபர்ட் கெர்சூனி, பாரபின் மெழுகை ஊசி மூலம் உடலில் ஏற்றினார். பிறகு பலர் அதை மூக்கிலும் கன்னத்திலும் ஏற்றிக்கொண்டார்கள்.

என்ன ஆயிற்று? மெழுகு கட்டி கட்டியாக இறுகியது. இடம் விட்டு நகர்ந்தது. எடுக்கவும் முடியவில்லை. முகம் கெட்டதுதான் மிச்சம்.

இன்று பெரும்பாலும் பயன்படுவது ஹையலூரோனிக் அமிலம். இது தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள். நம் தோலிலும் மூட்டிலும் இயற்கையாகவே இருக்கிறது. இதைக் களி போல் ஆக்கி ஏற்றுகிறார்கள். சில மாதங்கள் முதல் ஒன்றரை ஆண்டு வரை நிற்கும்.

இதில் ஒரு நன்மை உண்டு. தவறு நேர்ந்தால் ஹையலூரோனிடேஸ் என்ற மருந்தை ஏற்றிக் களியைக் கரைக்கலாம்.

கண் எப்படிப் போகும்?

முகத்தில் ரத்தக் குழாய்கள் வலை போல் ஓடுகின்றன. மூக்கிலும் நெற்றியிலும் உள்ள குழாய்கள், கண்ணுக்குப் போகும் குழாய்களோடு சேருகின்றன.

களி தவறிக் குழாய்க்குள் போனால் ரத்தம் அடைபடும். தோல் வெளுக்கும். வலி எடுக்கும். கவனிக்காவிட்டால் சதை அழுகும். அடைப்பு கண்வரை போனால் பார்வை போகும்.

இது அரிதாகத்தான் நடக்கிறது. ஆனால் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.

பூட்டு ஒருவரிடம், சாவி ஒருவரிடம்!

இங்கிலாந்துச் சட்டத்தில் ஒரு விந்தை இருந்தது. கன்னத்தை நிரப்பும் களியை மருந்துச் சீட்டு இல்லாமலே வாங்கலாம். அதைக் கரைக்கும் மருந்தோ, சீட்டு இருந்தால்தான் கிடைக்கும்!

அதாவது, அடைப்பை உண்டாக்க யாராலும் முடியும். அதை நீக்க, சீட்டு எழுத உரிமை பெற்றவர் வேண்டும். அவரைத் தேடி அலைகிற நேரத்தில் சதை செத்துக்கொண்டிருக்கும்.

2013-ல் சர் புரூஸ் கியோ என்ற டாக்டரின் குழு அரசாங்கத்தை எச்சரித்தது. பேனாவும் பல் பிரஷும் வாங்குகிறவருக்கு உள்ள பாதுகாப்புதான், இந்த ஊசி போட்டுக்கொள்கிறவருக்கும் உண்டு என்று குழு கூறியது.

2021 அக்டோபரில், 18 வயது நிரம்பாதவர்களுக்கு அழகுக்காக இந்த ஊசி போடுவது தடை செய்யப்பட்டது. 2022-ல், லைசென்சு முறை கொண்டுவர அரசாங்கத்துக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. 2025 ஆகஸ்டில், லைசென்சு இல்லாமல் ஊசி போட முடியாதபடி செய்யப்போவதாக அரசாங்கம் அறிவித்தது.

எச்சரிக்கைக்கும் இந்த அறிவிப்புக்கும் நடுவே 12 ஆண்டுகள்!

லைசென்சு நல்லதுதான். ஆனால் சுவரில் மாட்டிய காகிதம் அடைப்பைக் கரைக்காது. கரைக்கும் மருந்தும், அதை ஏற்றத் தெரிந்தவரும் அதே அறையில் இருக்க வேண்டும். அதற்கு வழி செய்யும் சட்டமே மக்களைக் காப்பாற்றும்.

மூன்று கேள்விகள்

எந்த ஊரானாலும் சரி, முகத்தைக் காட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

ஊசி போடுகிறவர் டாக்டரா?

ஏற்றப்போவது எது? அது கரைக்கக்கூடியதா?

கரைக்கும் மருந்து இங்கேயே இருக்கிறதா?

பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ஒட்டிய கன்னத்தோடு நூறு ஆண்டு வாழலாம்!