பூனைக்கும் ஒரு வாசல்

பொழுது சாயத் தொடங்கியதும் ஜன்னல்களை அடைக்காத வீடு இன்று நம் ஊர்களில் அரிது. நுளம்புக்குப் பயந்து அடைக்கிறோம். கள்ளனுக்குப் பயந்து கிரில் போடுகிறோம். ஓட்டுக்குக் கீழே இருந்த இடைவெளியையும் சீலிங் அடித்து மூடிவிட்டோம். இவை யாவும் தேவையானவையே. ஆயினும், இந்த மாற்றங்களால் வீட்டிலுள்ள ஒரு ஜீவனுக்கு மட்டும் போக்குவரத்து முற்றாக நின்றுபோனதை நாம் கவனிக்கவில்லை. அதுதான் பூனை.

பழைய வீடுகளில் பூனைக்கென்று தனி வாசல் தேவைப்படவில்லை. சுவருக்கும் கூரைக்கும் இடையே அதற்குப் போதிய இடம் இருந்தது. நினைத்த நேரம் போயிற்று; நினைத்த நேரம் வந்தது. இன்றைய வீட்டிலோ அது கதவடியில் இருந்து கத்துகிறது. யாராவது எழும்பித் திறக்க வேண்டியிருக்கிறது. அந்த ‘யாராவது’ யார் என்பதுதான் பல வீடுகளில் பிரச்சினை.

வாசக சகோதரி ஒருவர் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய மாமிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. முழங்கால் வருத்தமும் உண்டு. ஆனாலும், பூனை கத்தினால் முதலில் எழும்புபவர் அவர்தான். இரவில் இரண்டு மூன்று தடவை, மற்றவர்களின் தூக்கம் கலையக் கூடாதென்று விளக்கும் போடாமல், இருட்டில் தட்டித் தடவிக் குசினிக் கதவு வரை போய் வருகிறார். கதவின் அடியில் பூனைக்கென ஒரு சிறு வாசல் வைத்தால் என்ன என்று சகோதரி கேட்க, கணவர், “கதவில் ஓட்டை போட்டால் கள்ளன் கை விடுவான், பாம்பு வரும்” என்று மறுத்துவிட்டாராம். யார் சொல்வது சரி என்பது சகோதரியின் கேள்வி.

இருவர் சொல்வதும் சரியே. வயோதிபர்கள் இருட்டில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது சிறிய விடயம் அல்ல. அதிலிருந்து பலர் பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை. அதேபோல், வெறும் ஓட்டையைக் கதவில் வைத்துக்கொண்டு உறங்குவதும் புத்தியல்ல. ஆனால், ஓட்டை வேறு, வாசல் வேறு. மூடவும் திறக்கவும் முடிவதுதான் வாசல். கணவரின் பயத்துக்கு மருந்து இதிலேயே இருக்கிறது.

இது புதுமோகம் என்றும் எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரிலுள்ள பெரிய தேவாலயத்தில், பழைய வானியல் கடிகாரத்துக்குக் கீழேயுள்ள கதவில் வட்டமான துவாரம் ஒன்று இன்றும் காணப்படுகிறது. எலி பிடிக்கும் பூனை போய்வர வெட்டப்பட்டது அது. அங்கே 14ஆம், 15ஆம் நூற்றாண்டுக் கணக்கேடுகளில் பூனைக்கென்று பணம் கொடுத்த பதிவுகளும் உள்ளன. தானியம் சேமிக்கும் வீடுகளில் இத்தகைய துவாரம் வைப்பது ஐரோப்பிய நாட்டுப்புறங்களில் பழைய வழக்கம். பிரெஞ்சு மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் இதற்கென்றே தனிச் சொற்கள் இருக்கின்றன. விஞ்ஞானி நியூட்டன் தாய்ப்பூனைக்கு ஒரு பெரிய துவாரமும் குட்டிக்கு ஒரு சிறிய துவாரமும் வெட்டுவித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். தாய் போகும் வழியால் குட்டியும் போகும் என்று அந்த மேதைக்குத் தோன்றவில்லையாம்! கதை சுவையானது; ஆனால், அவர் காலத்துச் சான்று எதுவும் அதற்கு இல்லை. அவரிடம் எழுத்தராக இருந்தவரோ, அவருடைய அறையில் நாயும் இல்லை, பூனையும் இல்லை என்றே குறிப்பிட்டிருக்கிறார்.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் இடம். பின்பக்கக் குசினிக் கதவே பொருத்தமானது. நம் வீடுகள் பலவற்றில் குசினிக்கும் வீட்டுக்கும் இடையே இன்னொரு கதவு உண்டு. இரவில் அதைப் பூட்டிவிட்டால், பூனைக்குக் குசினியும் வெளியும் சொந்தம். குடும்பத்தினர் பூட்டிய கதவுக்கு உள்ளே உறங்கலாம். கள்ளனைப் பற்றிய பயத்தில் பாதி இதனாலேயே நீங்கிவிடும்.

அடுத்தது கதவு. பலகை பொருத்திய மரக்கதவானால் கீழ்ப்பலகையில் மட்டுமே வெட்ட வேண்டும். ஓரச் சட்டங்களிலோ குறுக்குச் சட்டங்களிலோ வாள் படக் கூடாது. கதவின் பலமே அவற்றில்தான் இருக்கிறது. இரு பக்கமும் ப்ளைவுட் ஒட்டி உள்ளே வெறுமையாக உள்ள கதவானால், வெட்டிய துவாரத்தின் உட்சுற்றில் மரச்சட்டம் வைத்து அடைக்க வேண்டும். இல்லாவிடில் ஈரம் புகுந்து ஒட்டுவிட்டுப் போகும். கடினமாக்கிய கண்ணாடிக் கதவில் துளையிட முயலவே கூடாது. முழுக் கண்ணாடியும் நொறுங்கிவிடும். வாடகை வீடானால் உரிமையாளரின் அனுமதி முக்கியம். அனுமதி கிடைக்காதவர்கள் ஒரு ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாகப் பலகை பொருத்தி, அதில் இந்த வாசலை அமைக்கலாம். வீடு மாறும்போது பலகையைக் கழற்றிக் கண்ணாடியைத் திரும்பப் போட்டுவிடலாம்.

அளவு என்ன? சாதாரண வீட்டுப் பூனைக்கு ஆறு அங்குலச் சதுரம் போதும். பூனையின் தோளெலும்பு நம்முடையதைப் போல் மார்பெலும்போடு இறுகப் பொருந்தியதல்ல. ஆகவே தலை நுழையும் இடத்தில் அதன் உடலும் பெரும்பாலும் நுழைந்துவிடும். கொழுத்த பூனையானால் ஓர் அங்குலம் கூட்டிக்கொள்ளலாம். துவாரத்தின் கீழ்விளிம்பு பூனையின் வயிற்று மட்டத்துக்கு வர வேண்டும். அதாவது நிலத்திலிருந்து நான்கு அல்லது ஐந்து அங்குலம். பூனையைக் கதவருகே நிற்கவைத்து அளந்துகொண்டால் நல்லது. நிலத்தோடு ஒட்டி வெட்டினால் மழைத்தண்ணீரும் பூச்சி பொட்டும் இலேசாக உள்ளே வரும்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. நம் கதவுகளில் அடியிலும் ஒரு தாழ்ப்பாள் இருக்கும். துவாரத்தினுள் கை விட்டால் முதலில் அகப்படுவது அதுதான். ஆகவே துவாரத்தைத் தாழ்ப்பாள் பக்கத்தில் வைக்காமல், பிணைச்சல் உள்ள பக்கத்தில் வையுங்கள். வளர்ந்த ஒருவரின் கை இரண்டரை அடிவரை எட்டும் என்பதை நினைவில் வைத்து, அடித்தாழ்ப்பாளை நம்பாமல் மேல்தாழ்ப்பாளைப் போடுங்கள். பூட்டிலே சாவியை விட்டுவைக்கவும் கூடாது.

கடைகளில் ஆயத்தமாக விற்கும் பூனைக் கதவுகளும் உண்டு. உள்ளே வர மட்டும், வெளியே போக மட்டும், இரு பக்கமும், முற்றாக மூட என்று நான்கு விதமாகப் பூட்டக்கூடியவை அவற்றில் சில. பூனையின் தோலுக்கடியில் வைத்த, அரிசிமணி அளவேயான சிப்பை அறிந்து, அந்தப் பூனைக்கு மட்டும் திறக்கும் கதவுகளும் வந்துவிட்டன. இவற்றின் விலை கட்டாதவர்கள் ஊர் ஓடாவியிடம் சொன்னால் அரை நாளில் செய்து தருவார். பாரமில்லாத பெர்ஸ்பெக்ஸ் தகட்டை மேற்பக்கத்தில் இரு சிறு பிணைச்சல்களில் தொங்கவிட வேண்டும். கண்ணுக்கு ஊடே தெரிந்தால் பூனைக்குத் தயக்கம் குறையும். சுற்றிவர மெல்லிய இடைவெளி விட்டால்தான் தகடு இரு பக்கமும் தடையின்றி ஆடும். அலுமாரிக் கதவுக்கு வைக்கும் சிறு காந்தம் ஒன்றைக் கீழே வைத்தால் காற்றுக்கு அடித்துக்கொள்ளாது. வெட்டிய விளிம்புகளை அரத்தாலும் கடதாசியாலும் தேய்த்து, பெயின்ட் பூசிவிடுங்கள். இல்லாவிடில் மாரியில் ஊறும், கறையானும் ஏறும். கறல் பிடிக்காத திருகாணியே நல்லது.

இத்தோடு ஒரு வேலையைக் கட்டாயம் செய்விக்க வேண்டும். உட்பக்கத்தில் துவாரத்தின் இரு புறமும் மரத்தடம் அடித்து, மேலிருந்து கீழே இறக்கும் பலகை ஒன்றைப் போட்டு, அதற்கு ஒரு கொண்டியும் வையுங்கள். பலகை இறங்கிவிட்டால் வாசல் மூடியாயிற்று. நான் மேலே சொன்ன வாசலுக்கும் ஓட்டைக்குமான வித்தியாசம் இந்தப் பலகைதான்.

பாம்புப் பயம் உள்ள ஊர்களில், விசேடமாக உலர் வலயத்தில், இரவில் இந்தப் பலகை இறங்கியே இருக்க வேண்டும். சிங்களத்தில் தெல் கரவலா எனப்படும் கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. நிலத்தில் பாய் விரித்து உறங்குபவர்களையே அது பெரும்பாலும் தீண்டுகிறது. கடித்த இடத்தில் பெரிய வலியோ வீக்கமோ இல்லாததால் பலர் அறியாமலே இருந்துவிடுகின்றனர். அப்படியான ஊர்களில் இரவுச் சாப்பாட்டைக் குறித்த நேரத்தில் உள்ளே வைத்துப் பூனையை வரப் பழக்குங்கள். வந்ததும் பலகையை இறக்கிவிட்டு, குசினி மூலையில் மணல் தட்டு ஒன்று வையுங்கள். சில நாட்களில் அது அதற்குப் பழகிவிடும். காலையில் பலகையைத் தூக்கிவிட்டால் மாலை வரை அதன் பாடு. இரவில் எவரும் எழும்ப வேண்டியதில்லை.

மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். பூனையின் மலத்தால் பரவக்கூடிய டொக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது செல்லும். அதற்குள் அகற்றிவிட்டால் ஆபத்து குறைவு. ஆயினும், இந்த வேலையைக் கர்ப்பிணிகளிடம் கொடுக்க வேண்டாம். அது வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடிய கிருமி. தவழும் பிள்ளை உள்ள வீட்டில், பிள்ளை குசினியில் இருக்கும் நேரமெல்லாம் பலகையை இறக்கிவிடுங்கள். கையையோ தலையையோ நுழைத்துப் பார்க்கும் வயது அது.

பழக்குவதற்குப் பொறுமை வேண்டும். முதல் சில நாட்கள் தகட்டைக் கயிற்றால் தூக்கிக் கட்டிவிட்டு, மறுபக்கத்தில் மீன்துண்டு வையுங்கள். பிறகு கயிற்றைச் சிறிது சிறிதாக இறக்குங்கள். சில பூனைகள் ஓரிரு நாளில் பழகும். சிலவற்றுக்கு வாரங்கள் ஆகும். பிடித்துத் தள்ளினால் மட்டும் ஒருபோதும் பழகாது. சாப்பாட்டுக் கோப்பையை வாசலருகே வைக்காதீர்கள். ஊர்க் கடுவன்கள் அனைத்தும் விருந்துக்கு வந்துவிடும்.

வாசல் வைப்பதற்கு முன் பூனையை மிருக வைத்தியரிடம் காட்டி, விசர்நோய்த் தடுப்பூசி போடுவியுங்கள். அவர் சொல்லும் காலத்தில் தவறாமல் திரும்பவும் போட வேண்டும். நாயால் மட்டுமன்றிப் பூனையாலும் அந்நோய் பரவும். வெளியில் திரியும் பூனை கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்துவிடுங்கள். பூனையின் கர்ப்பகாலம் ஏறத்தாழ ஒன்பது வாரம்தான். வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் பிறகு குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையடியில் கொண்டுபோய் விடுவது பாவமான காரியம்.

பூனையை அடைத்துவைத்துத் தானும் உணவு கொடாமல், அது தேடி உண்ணவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நம் வீடுகளில் எவரும் வேண்டுமென்று அப்படிச் செய்வதில்லை. ஆனால், பயணம் போகும் அவசரத்தில் வீட்டைப் பூட்டும்போது அறைக்குள் அகப்பட்டுக்கொள்ளும் பூனை எத்தனை! பூட்டுமுன் ஒருதடவை கட்டிலுக்கடியில் பார்ப்பதும், அதற்கு ஒரு வழி வைத்திருப்பதும் அந்தப் படிப்பினையில் அடங்கும்.

சகோதரிக்கு இன்னொரு வார்த்தை. ஓடாவியை அழைப்பதற்கு முன் மாமியிடமும் கேளுங்கள். வயோதிபர்களுக்கு இரவில் நித்திரை குறைவு. அந்த நேரத்தில் அவரைத் தேடி வந்து காலைச் சுற்றும் ஜீவன் அது ஒன்றுதானோ என்னவோ. வேலையைக் குறைக்கிறோம் என்று எண்ணி, அவருடைய துணையைப் பிரித்துவிடக் கூடாது. வாசல் வைத்த பிறகும் பூனைக்கு இரவுச் சாப்பாடு வைக்கும் பொறுப்பை அவரிடமே விடுங்கள். குசினிக்குப் போகும் வழியில் ஒரு சிறு மின்குமிழை விடியும்வரை எரியவிடுங்கள். பூனைக்காக இல்லாவிட்டாலும் வேறெதற்காவது அவர் எழும்பத்தான் செய்வார்.

வீட்டைச் சுற்றி அடைத்தவர்கள் நாமே. நமது நன்மைக்காக அடைத்தோம். அதனால் வழியிழந்த ஜீவனுக்கு ஆறு அங்குல வழி வைப்பதும், அந்த வழியால் வேண்டாதது வராமல் காப்பதும் நம் பொறுப்பே. அரை நாள் வேலையும் ஒரு துண்டுப் பலகையும் அதற்குப் போதும்.