விளக்குக்கு ஒரு தொப்பி

ஓசூரில் வளரும் நாங்கள் முழு இருட்டைக் கண்டதில்லை என்றால் அது மிகையன்று. சிப்காட் ஆலைகளும் ஜுஜுவாடி எல்லைச் சாலையும் இரவைப் பகலாக்குகின்றன. இதை நாங்கள் குறை சொல்லவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும் எங்கள் அக்காமார்களுக்கு அந்த வெளிச்சம்தானே துணை! ஆனால் சாலைக்கென ஏற்றிய ஒளி வானத்துக்குப் போவானேன்?

கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே, ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கி வருகிறது. காவலூரின் பாட்டி என்று சொல்லத்தக்கது பழைய சென்னை வானாய்வகம். அதன் தலைவர் போக்சன், 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தின்போது, மசூலிப்பட்டினத்தில் சூரிய ஒளியின் நிறமாலையில் ஒரு மஞ்சள் கோட்டைக் கண்டார். அது சோடியத்தின் கோடு அன்று, ஹீலியத்தின் கோடு என்பது பின்னரே தெளிவாயிற்று. பூமியில் அவ்வாயு அகப்பட்டதோ 1895இல்!

அதே கோடு வெண்குள்ளன் விண்மீன்கள் சிலவற்றிலும் தெரிகிறது. எரிந்து முடிந்து, பூமியளவாகச் சுருங்கிய விண்மீன் கருவே வெண்குள்ளன். பெரும்பாலானவற்றின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் இருக்கும். சிலவற்றிலோ ஹீலியமே மிகுந்திருக்கும். அவற்றின் ஈர்ப்பு மிகக் கடுமையானது. கனமான தனிமங்கள் அடியில் அமிழ்ந்துவிடும். ஆகவே ஹீலியக் கோடுகளுக்கிடையே கால்சியமோ மக்னீசியமோ தலைகாட்டினால், அது வெளியிலிருந்து விழுந்ததாகவே இருக்கவேண்டும். அந்த விண்மீனைச் சுற்றிவந்த பாறை உலகம் ஒன்று நொறுங்கிய கதையை ஒரு மெல்லிய கோடு சொல்லிவிடுகிறது!

இப்போது எங்கள் தெருவுக்கு வருவோம். ஹீலியத்தின் மஞ்சள் கோடு 5876 ஆங்ஸ்ட்ராம். சோடியம் விளக்கின் கோடுகள் 5890, 5896. அடுத்தடுத்த வீடுகள் போல! ஹீலியத்தின் நீலக் கோடு ஒன்று 4471இல் உள்ளது. புதிய வெள்ளை எல்.இ.டி. விளக்கின் நீல ஒளி ஓங்குவதும் 4500ஐ ஒட்டித்தான். மஞ்சள் விளக்குக்குத் தப்பினால் வெள்ளை விளக்கு பிடித்துக்கொள்ளும். வானில் சிதறும் இந்த ஒளிதான் மங்கலான விண்மீனை மூழ்கடிக்கிறது.

ஆலைகளில் பொறுப்பு வகிக்கும் பெற்றோரே, விளக்கை அணைக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. தொப்பி மாட்டும்படியே கேட்கிறோம். மேலே ஒரு தகர மூடி இருந்தால் ஒளி முழுதும் அக்காமார் நடக்கும் சாலையில் விழும். மின்சாரமும் மிச்சம்.

ஊருக்குச் சொல்லுமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் விடுதி முற்றத்து விளக்கும் வானத்தைப் பார்த்தே எரிகிறது. சகோதரி அனுமதி தந்துவிட்டார்கள். லேத் பட்டறை வைத்திருக்கும் தோழியின் தந்தை தகரம் வெட்டித் தர இசைந்திருக்கிறார். ஏணிதான் இன்னும் கிடைக்கவில்லை.