குறுக்கே கிடப்பவர் யார்?

காஞ்சியில் பிறந்த பிள்ளைக்கு வேகவதி ஆற்றின் கதையைச் சொல்லாத பாட்டி இல்லை. நான்முகன் வேள்வி நடத்துகிறான், துணைவியை அழைக்கவில்லை. கலைமகள் சினங்கொண்டு, ஆறாகப் பெருக்கெடுத்து, வேள்விச்சாலையை அழிக்கப் பாய்ந்து வருகிறாள். திருமால் ஓடோடி வந்து குறுக்கே படுத்துக்கொள்கிறார். ஆறு நாணி ஒதுங்குகிறது. திருவெஃகாவிலே இன்றும் அவர் படுத்த கோலத்தில் காட்சி தருகிறார் என்கிறது தலபுராணம்.

கதையை நாம் நம்புவதில்லை, தோழர்களே! மனைவியை மறந்த கணவனைக் கேள்வி கேட்காமல், நியாயம் கேட்டு வந்தவளின் வழியையா மறிப்பது என்று கேட்கும் கூட்டம் நாம். ஆயினும் அந்தக் கதையைக் கட்டியவனைப் பாராட்டத் தோன்றுகிறது. ஓர் ஆற்றை நிறுத்த ஆண்டவனே இறங்கி வந்தாக வேண்டும் என்று அவன் எண்ணினான். அத்தனை மதிப்பு வைத்திருந்தான் ஆற்றின்மீது!

இன்று அந்தத் தொல்லை எவருக்கும் இல்லை. வேகவதியின் குறுக்கே ஆதிசேடனும் இல்லை, ஆண்டவனும் இல்லை. நகரத்துச் சாக்கடை கிடக்கிறது; பட்டுக்கு ஏற்றிய சாயத்தின் கழிவு கிடக்கிறது; இடித்த வீட்டின் செங்கல் கிடக்கிறது; கரையை விழுங்கிய கட்டடம் கால் நீட்டிக் கிடக்கிறது. மறிப்பதற்குத் தெய்வம் தேவையில்லை, குப்பை போதும் என்று கண்டுபிடித்த பெருமை நம் காலத்துக்கு!

வேகவதி போய்ச் சேரும் இடம் திருமுக்கூடல். அங்கே பாலாறும் செய்யாறும் அவளுக்காகக் காத்திருக்கின்றன. மூன்று ஆறு கூடுவதால் முக்கூடல் என்று பெயர். ஆண்டில் பெரும்பகுதி அங்கே கூடுவது என்ன? மணலும் முள்ளும்!

பாலாற்றைப் பற்றி நம் மேடைகளிலே பேச்சுக்குப் பஞ்சமில்லை. கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர், தமிழகத்தில் 222 கிலோமீட்டர் ஓடி, வாயலூரில் கடலைத் தொடும் ஆறு அது. மேலே இருப்பவர் மறித்துக்கொள்கிறார். 1892ஆம் ஆண்டு சென்னை மாகாணமும் மைசூரும் செய்துகொண்ட ஒப்பந்தம் மீறப்படுகிறது. தடுப்பணைகளின் சுவர் உயர்கிறது. இவை யாவும் உண்மை. வழக்காட வேண்டியது வழக்காடு மன்றத்தில். நமது உரிமையில் ஒரு சொட்டும் விட்டுக்கொடுப்பதற்கில்லை.

ஆனால் ஒரு கேள்வி. 33 கிலோமீட்டரில் நடப்பதற்காகத் தொண்டை கிழியக் கத்தும் நாம், நம் கையில் உள்ள 222 கிலோமீட்டரில் நடப்பதற்கு என்ன கணக்கு வைத்திருக்கிறோம்? அண்டை வீட்டான் தண்ணீர்க் குழாயை அடைத்தான் என்று புகார் எழுதுகிறவன், தன் வீட்டுக் குடத்தைத் தானே உடைத்துக்கொண்டிருந்தால் ஊர் சிரிக்காதா?

குடம் என்று நான் சொல்வது மணலை! பாலாறு பெரும்பாலும் மண்ணுக்குள்ளே ஓடும் ஆறு. மேலே வறண்டு கிடக்கும். கீழே, மணற்பரப்பின் இடுக்குகளில், வெயில் தொட முடியாத ஆழத்தில் நீர் தங்கி நிற்கும். அந்த மணலிலே ஊற்றுக்கால் வெட்டி, கோடையிலும் வயலுக்கு நீர் கொண்டுசென்றான் பாலாற்றங்கரை உழவன். ஓரிக்கையிலும் திருப்பாற்கடலிலும் ஆற்றுப்படுகைக் கிணறுகளிலிருந்து காஞ்சி நகரம் குடித்தது இந்த நீரைத்தான். பாலாற்றுத் தண்ணீரில் சாயம் தோய்த்தால் பட்டுக்கு ஒரு தனிப் பளபளப்பு வரும் என்று நம் நெசவாளப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அந்த மணலை அள்ளினோம். லாரி லாரியாக அள்ளினோம்! ஆற்றின் மடி தாழ்ந்தது. ஊற்றுக்காலின் தலைவாய் எட்டாத உயரத்தில் தொங்கியது. கரையோரக் கிணறு வற்றியது. மணல் போன இடத்தில் களி தெரிந்தது. களியில் சீமைக் கருவேலம் குடியேறியது. ஆற்றுமணல் அள்ளுவதை 2003ஆம் ஆண்டிலே அரசே தன் கையில் எடுத்துக்கொண்டது. அதன் பிறகேனும் கொள்ளை நின்றதா? சீட்டு ஒன்று, நடை நான்கு. அனுமதித்த ஆழம் ஒன்று, தோண்டிய ஆழம் வேறு. இதைக் காணாத கண் ஆற்றங்கரை ஊர்களில் உண்டா?

அந்த லாரியின் முகப்பிலே எந்தக் கட்சிக் கொடி பறந்தது என்று என்னைக் கேட்காதீர். எந்தக் கொடி ஆட்சியிலோ அந்தக் கொடி! வெட்கத்தோடு எழுதுகிறேன்: நமது கொடியும் பறந்ததுண்டு. கரை வேட்டி கட்டியவனே கரையை விற்றதும் உண்டு.

2021ஆம் ஆண்டு நவம்பரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நொடிக்கு ஓர் இலட்சம் கன அடிக்கும் மேலாகப் பாலாற்று அணைக்கட்டைத் தாண்டி வந்தது வெள்ளம். செத்த ஆறு என்று சான்றிதழ் கொடுத்து, அதன் படுகையைக் கூறுபோட்டவர்கள் திகைத்து நின்றனர். தரைப்பாலங்கள் மூழ்கின. வேகவதிக் கரையிலிருந்த ஏழைகள் மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூடங்களுக்கு ஓடினர். ஆறு அன்று எவர் நிலத்திலும் புகவில்லை, தோழர்களே! தன் நிலத்தைத்தான் அளந்து பார்த்துவிட்டுப் போயிற்று. புறம்போக்கு என்று நாம் பெயரிட்டு அனாதையாக்கியது ஆற்றின் சொந்தப் பட்டா. வெள்ளம் வந்தால் பரவுவதற்கு, பரவி நிலத்துக்குள் இறங்குவதற்கு, வண்டலை விட்டுச்செல்வதற்கு, மீன் குஞ்சு பொரிப்பதற்கு ஆறு வைத்துக்கொண்ட முற்றம் அது.

சரி, முற்றத்தைத் திருப்பித் தரச் சொன்னதும் என்ன நடக்கிறது? முதலில் யார் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது? கூலித் தறிக்காரன் குடிசை! சாய வேலைக்காரன் ஓலை வீடு! அவர்களுக்காகக் கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்குமாடிகள் எழுந்தன. வெள்ளத்தில் மிதப்பதைவிட அது மேல்தான். ஆனால் தறியும் பள்ளியும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றனவா என்று கேட்டுவிட்டுத்தான் ஒரு குடும்பத்தை அசைக்க வேண்டும். குடிசைக்குப் புல்டோசர், மாளிகைக்கு வாய்தா என்றால், அது ஆற்றை மீட்பதாகாது. ஆற்றின் பெயரால் ஏழையை விரட்டுவதாகும்.

ஆற்றோடு மேற்கே செல்லுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் ஆலைக் கழிவுகள் பாலாற்றுப் படுகையைப் பாழாக்கிய வழக்கில், கெடுத்தவனே செலவைச் சுமக்க வேண்டும் என்று 1996இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2025 சனவரியில் மறுபடியும் சொன்னது: மண்ணும் நீரும் சீராகும்வரை கெடுத்தவர் பொறுப்பு தீராது என்று. இடையிலே ஓடியது 29 ஆண்டு! குடிசையைக் காலி செய்ய ஏழைக்கு இத்தனை ஆண்டு தவணை தந்தவர் உண்டா?

"ஆற்றைச் சீர்படுத்துவதாம், பறவைக்கும் மீனுக்கும் வீடு தருவதாம்! பாட்டாளிக்கே வீடில்லை, கொக்குக்கா?" என்று நம்மிலேயே சிலர் கேலி பேசுகின்றனர். அவர்களை வேடந்தாங்கலுக்கு அழைத்துச் செல்லுங்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலே, கும்பினியின் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, எதிர்த்து நின்று, செங்கற்பட்டுக் கலெக்டரிடம் பாதுகாப்பு ஆணை வாங்கியவர் எவர்? சீமான்களா? இல்லை, உழவர்கள்! பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரம் என்று அவர்கள் அறிந்திருந்தனர். கொக்கின் வீடும் உழவனின் களஞ்சியமும் ஒரே நீரில் நிற்பவை. உலக ஈரநிலப் பட்டியலில் 2022இல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் இடம்பெற்றனவே, அந்தப் புகழுக்கு விதை போட்டவர் அந்த உழவர்கள்.

சீர்படுத்துவது என்றதும் சிமெண்டு மூட்டையைத் தேடுவோர்க்கும் ஒரு சொல். அமெரிக்காவில், புளோரிடாவில், கிஸ்ஸிம்மி என்றோர் ஆறு. வளைந்து நெளிந்து ஓடிய அதனை 1962 முதல் 1971 வரை வெட்டி நிமிர்த்திக் கால்வாயாக்கினர் அறிவாளிகள். ஈரநிலம் காய்ந்தது, நீர்ப்பறவை அகன்றது. பிறகு 1999இல் தொடங்கி, வெட்டிய கால்வாயின் ஒரு பகுதியைத் தாங்களே தூர்த்து, 2021 வரை பாடுபட்டு, ஏறத்தாழ 70 கிலோமீட்டருக்குப் பழைய வளைவைத் திருப்பித் தந்தனர். பறவையும் மீனும் திரும்பின. பணம் படைத்த நாடு, செய்த பிழைக்கு இருமுறை செலவழித்தது. நமக்கு அந்த வசதி உண்டா?

இங்கே பாலாற்றுப் படுகையிலேயே, வேலூர் மாவட்டத்து நாகநதியில், நூறு நாள் வேலைத் திட்டத்தில் கூலி பெற்ற கிராமத்துப் பெண்கள் உறைகிணறு இறக்கி, ஓடைகளில் கல்லடுக்கி, மழைநீரை மண்ணுக்குள் அனுப்பினர். அந்தக் கைகளுக்குத் தெரிந்தது, அலங்கார நடைபாதை போடத் துடிக்கும் ஒப்பந்தக்காரருக்குத் தெரிய வேண்டாமா?

நம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையோடு பேசுகிறோம். பராந்தகச் சோழன் காலம். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னர். குடவோலையால் தேர்ந்தெடுத்த ஏரி வாரியம் இருந்தது. அது சதுர்வேதிமங்கலத்துச் சபை. உழுதவனுக்கு அங்கே இடமில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு விதி பாருங்கள்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவன் உறவினரும், பிறர் பொருளைக் கவர்ந்தவனும் மீண்டும் நிற்கக் கூடாது! எல்லாருக்கும் வாக்குரிமை பெற்ற நாம், அந்த ஒரு விதியையேனும் நம் கிளைகளுக்கு எழுதிக்கொள்ளக் கூடாதா?

நான் கேட்பது பெரிதன்று. மணல் லாரி மடக்கப்பட்டால் காவல் நிலையத்துக்குத் தொலைபேசி செய்யாதீர். ஆற்றுப் புறம்போக்குக்குப் பட்டா கேட்டு வரும் செல்வருக்குப் பரிந்துரை எழுதாதீர். கரையை அளந்து கல் நடக் கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். அளவு மாளிகையிலிருந்து தொடங்கட்டும். சாயத் தொழிலாளியைக் குற்றவாளியாக்காமல், சாயக்கழிவுக்குப் பொதுச் சுத்திகரிப்பு கேட்டுப் போராடுங்கள்.

1953இல் நெசவாளர் பசித்தபோது, இந்தக் காஞ்சியிலே நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார். அந்தத் தோளின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்கிற நாம், துணி தோய்ந்த தண்ணீரைச் சுமக்க மறுக்கலாமா?

அடுத்த வெள்ளம் வரும். நியாயம் கேட்டு வருகிறவளின் வழியில் அன்று குறுக்கே கிடப்பவர் யார் யார் என்று ஊர் எண்ணிப் பார்க்கும். அந்தக் கணக்கில் கழகத் தோழன் ஒருவன் பெயரும் இருத்தல் ஆகாது!